நிபந்தனைப் பணம்: ஹில்–பர்ட்டன் சட்டமும் அமெரிக்கச் சிற்றூர் மருத்துவமனைகளும்

ஒரு சிற்றூரில் மருத்துவமனை எழுவதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகளே இருந்து வந்திருக்கின்றன. செல்வர் ஒருவரோ சமய அமைப்பொன்றோ அறமாகக் கட்டித் தரலாம். அரசு தன் பொறுப்பில் கட்டலாம். இலாபம் வரும் என்று கணக்கிட்டு முதலாளி ஒருவர் கட்டலாம். இவர்களுள் மூன்றாமவர் சிற்றூருக்கு வருவது அரிது. அங்கே நோயாளிகளும் குறைவு, அவர்கள் கையில் பணமும் குறைவு. முதலாமவர் எல்லா ஊர்களிலும் பிறப்பதில்லை. இரண்டாவது வழியை நாடு முழுமைக்கும் பொதுவாக்க அமெரிக்கா ஒருபோதும் உடன்பட்டதில்லை. எனவே அங்கே நான்காவது வழியொன்று உருவாயிற்று. மருத்துவமனை இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் கையிலோ உள்ளாட்சியின் கையிலோ இருக்கும். அதைக் கட்டுவதற்கான பணத்தில் ஒரு பங்கைப் பொதுக் கருவூலம் மானியமாகவோ மலிவான கடனாகவோ கொடுக்கும்.

இலாப நோக்கற்ற அமைப்புக்கு ஏன் இந்த உதவி வேண்டும் என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். விடை எளியது. அத்தகைய அமைப்பு பங்கு விற்று முதல் திரட்ட இயலாது. பங்கு வாங்குவோருக்குக் கொடுக்க அதனிடம் ஈவுத்தொகை இல்லை. எஞ்சியிருப்பவை கொடையும் கடனும்தாம். கடன் கொடுப்பவரோ திருப்பிக் கட்டும் வலிமையைப் பார்த்தே வட்டியை நிர்ணயிக்கிறார். ஆகவே எந்த ஊருக்கு மருத்துவமனை மிகத் தேவையோ அந்த ஊருக்கே கடன் மிக விலையேறியதாக அமைகிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கை நேர்செய்யப் பொதுப்பணம் உள்ளே வருகிறது.

பொதுப்பணத்துக்கு வட்டி குறைவாக இருக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அது சட்டத்தின் நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவில் அந்த விலை எப்படி எழுதப்பட்டது, எத்தனை ஆண்டுகள் வசூலிக்கப்படாமல் கிடந்தது, கடைசியில் யார் வந்து வசூலித்தார்கள் என்பதையே இங்கே நாம் காண முயல்கிறோம்.

*

1929ஐத் தொடர்ந்த பெருமந்தத்தில் அந்நாட்டின் தொண்டு மருத்துவமனைகள் பல மூடப்பட்டன. பின்னர் வந்த போர்க்காலத்தில் இரும்பும் சிமெண்டும் ஆள்பலமும் போருக்கே போயின. போர் முடிந்த சில வாரங்களில், 1945 நவம்பர் 19 அன்று, அதிபர் ஹாரி ட்ரூமன் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் நாட்டின் உடல்நலம் குறித்த கணக்கு ஒன்றை வைத்தார். படைக்கு ஆள் எடுக்கச் சோதித்தபோது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்கள் தகுதியற்றவர்கள் என ஒதுக்கப்பட்டிருந்தனர். கவுண்டி எனப்படும் உள்ளாட்சி மாவட்டங்களில் சுமார் 1200இல், அதாவது நூற்றுக்கு நாற்பதில், மருத்துவமனையே இல்லை. அல்லது இருந்ததும் குறைந்தபட்சத் தரத்தை எட்டவில்லை. அம்மாவட்டங்களில் வாழ்ந்தவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர்.

ட்ரூமன் ஐந்து பரிந்துரைகளை முன்வைத்தார். மருத்துவமனைக் கட்டுமானம், பொதுச் சுகாதாரமும் தாய்சேய் நலமும், மருத்துவக் கல்வியும் ஆராய்ச்சியும், எல்லாருக்குமான மருத்துவக் காப்பீடு, நோயுற்ற காலத்தில் இழந்த கூலிக்கு ஈடு. இவற்றுள் காப்பீட்டை அமெரிக்க மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது, அது தோற்றது. கட்டுமானமோ எளிதாக நிறைவேறியது. கட்டடத்தின் மீது யாருக்கும் பகையில்லை. மருத்துவர்களுக்குப் பணியிடம் கிடைக்கும், மாநிலங்களுக்குப் பணம் வரும், உறுப்பினர்களுக்குத் தொகுதியில் திறப்பு விழாக்கள் வாய்க்கும்.

மருத்துவமனை கட்ட நாடு ஒப்பியது. அதில் படுப்பவரின் செலவை ஏற்க ஒப்பவில்லை. பின்னால் நிகழ்ந்த பலவற்றுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது என்பது நம் எண்ணம்.

*

1946 ஆகஸ்ட் 13 அன்று ட்ரூமன் கையொப்பமிட்ட மருத்துவமனை ஆய்வு மற்றும் கட்டுமானச் சட்டம், அதை முன்மொழிந்த இரு செனட் உறுப்பினர்களின் பெயரால் ஹில்–பர்ட்டன் சட்டம் என்றே வழங்குகிறது. ஹாரல்ட் பர்ட்டன் ஒஹையோ மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர். சட்டம் நிறைவேறும் முன்னரே உச்ச நீதிமன்ற நீதிபதியாகிப் போய்விட்டார். லிஸ்டர் ஹில் அலபாமாவின் ஜனநாயகக் கட்சிக்காரர். அவருடைய பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

அவர் தந்தை லூதர் ஹில் அறுவை மருத்துவர். லண்டனில் ஜோசப் லிஸ்டரிடம் பயின்றவர். புண்ணில் சீழ் பிடிக்காமல் அறுவை செய்யும் முறையை உலகுக்குத் தந்த அந்த ஆசிரியரின் பெயரையே 1894இல் பிறந்த தன் மகனுக்குச் சூட்டினார். 1902 செப்டம்பரில் அலபாமாவின் மான்ட்காமரி நகரில், நெஞ்சில் கத்திக்குத்துப் பட்ட 13 வயதுக் கறுப்பினச் சிறுவனைப் பார்க்க அவர் அழைக்கப்பட்டார். சிறுவனின் குடிசையிலேயே, மேசையொன்றின் மேல் கிடத்தி, மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அவனுடைய இதயத்தைத் தைத்தார். சிறுவன் பிழைத்துக்கொண்டான். அமெரிக்காவில் இதயக் காயத்தைத் தைத்து ஒருவரைப் பிழைக்க வைத்த முதல் அறுவை என்று மருத்துவ வரலாறு இதைக் குறிக்கிறது. அந்த மருத்துவரின் மகன் எழுதிய சட்டம், அதே நிறத்துச் சிறுவர்களை மருத்துவமனை வாசலில் நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் சட்டம் இயங்கிய விதத்தைப் பார்த்துவிடலாம். பணம் கேட்கும் முன் ஒவ்வொரு மாநிலமும் தன்னிடம் உள்ள மருத்துவமனைகளை எண்ணி, இல்லாத இடங்களைக் கண்டறிந்து, எந்த ஊருக்கு முன்னுரிமை என்ற திட்டத்தை வகுக்க வேண்டும். 1000 பேருக்கு நாலரைப் படுக்கை என்பது இலக்கு. கட்டுமானத்துக்கு ஆண்டுக்கு ஏழரைக் கோடி டாலர் வீதம் ஐந்தாண்டுகள். பங்கீட்டில் மக்கள்தொகையோடு தனிநபர் வருமானமும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. ஆகவே ஏழை மாநிலத்துக்குத் தலைக்கு அதிகப் பணம் போயிற்று. சிற்றூர்களுக்கும் வசதி குறைந்த பகுதிகளுக்கும் தனிக் கவனம் வேண்டும் என்று சட்டமே சொல்லியது.

ஆனால் மைய அரசு கொடுத்தது கட்டுமானச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். மீதியை ஊரார் நன்கொடையாகவோ, உள்ளாட்சிக் கடன்பத்திரம் வெளியிட்டோ திரட்ட வேண்டும். கட்டி முடித்தபின் நடத்துவதற்கும் பணம் இருக்கிறது என்று உறுதி காட்ட வேண்டும். இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனிக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு திரட்டக்கூடிய ஊர் முற்றிலும் ஏழையான ஊராக இருக்க முடியாது. அடிமட்டத்தில் கிடந்த ஊர்கள் விண்ணப்பப் படிவத்தையே தொட முடியாமல் நின்றன. 1949இல் ஒரு திருத்தம் வந்தது. ஆண்டுத் தொகை இருமடங்காயிற்று. மைய அரசின் பங்கு, மாநிலம் விரும்பினால், மூன்றில் இரண்டு வரை உயரலாம் என்றாயிற்று.

1964இல் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கவும் பணம் ஒதுக்கப்பட்டது. 1970இல், அதிபர் நிக்சனின் தடையாணையை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், மானியத்தோடு கடனையும் சேர்த்தது. இலாப நோக்கற்ற மருத்துவமனை வெளியில் கடன் வாங்கும். அக்கடனுக்கு அரசு பிணை நிற்கும். வட்டியில் 3 விழுக்காட்டுப் புள்ளிகளை அரசே கட்டும். மலிவுக் கடன் என்று நாம் இன்று சொல்லும் ஏற்பாடு இந்தச் சட்டத்துக்குள் வந்தது அப்போதுதான்.

1997இல் நிதி ஒதுக்கீடு நின்றபோது, 4000க்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 6800 மருத்துவ நிலையங்கள் இப்பணத்தைப் பெற்றிருந்தன. மானியம் 460 கோடி டாலருக்கு மேல், கடன் 150 கோடி டாலர். ஏழை மாநிலத்துக்கும் செல்வ மாநிலத்துக்கும் இடையே படுக்கை எண்ணிக்கையில் இருந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது. இவ்வளவையும் ஒரு சட்டத்தின் வெற்றியாகச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

*

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். பணம் பெறும் மருத்துவமனை இரண்டு உறுதிகளைத் தர வேண்டியிருந்தது. ஒன்று, அப்பகுதியில் வாழும் அனைவருக்கும் இனம், சமயம், நிறம் என்ற வேறுபாடின்றி அது திறந்திருக்கும். மற்றொன்று, கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு நியாயமான அளவில் மருத்துவம் செய்யும்.

முதல் உறுதிக்கு அடுத்த வரியிலேயே விலக்கு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் இனத்தாருக்கும் ஒத்த தரத்தில் தனித்தனி வசதி இருக்குமானால், ஒரு மருத்துவமனை ஒரு பிரிவினரை ஏற்காமல் விடலாம். தென் மாநில உறுப்பினர்களின் வாக்கைப் பெற இந்த விலக்கு தேவைப்பட்டது. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று முன்வாசலில் எழுதிவிட்டு, பூட்டைப் பின்வாசலில் மாட்டிவைத்தது போன்ற ஏற்பாடு. இதனால் வெள்ளையருக்கு மட்டுமேயான மருத்துவமனைகள் பொதுப்பணத்தில் எழுந்தன. இரு சாராரையும் ஏற்ற பலவற்றிலும் கறுப்பினத்தவருக்குத் தனிக்கூடம் ஒதுக்கப்பட்டது.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் மோசஸ் கோன் நினைவு மருத்துவமனை, வெஸ்லி லாங் சமுதாய மருத்துவமனை என்ற இரண்டும் தனியார் அறக்கட்டளைகளின் நிறுவனங்கள். முன்னது 12 லட்சம் டாலருக்கு மேலும் பின்னது 19 லட்சம் டாலருக்கு மேலும் ஹில்–பர்ட்டன் பணம் பெற்றிருந்தன. அந்நகரில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் இருந்தார். பல்லில் சீழ்க்கட்டி முற்றிய நோயாளி ஒருவரை அவர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவருக்கென இருந்த மருத்துவமனையில் இடமில்லை. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் ஏற்கவில்லை. 1962 பிப்ரவரியில் சிம்கின்ஸும் வேறு மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர்.

மருத்துவமனைகளின் வாதம் இதுதான்: நாங்கள் தனியார், அரசமைப்பின் சமத்துவ விதி அரசைத்தான் கட்டுப்படுத்தும், எங்களை அன்று. மாவட்ட நீதிமன்றம் இதை ஏற்றது. 1963 நவம்பர் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அதைப் புரட்டியது. மாநிலம் வகுத்த திட்டத்துக்குள் இடம்பெற்று, பொதுப்பணம் பெற்று எழுந்த நிறுவனம், தான் தனியார் என்று சொல்லி ஒதுங்க முடியாது என்றது. விலக்கு விதி அரசமைப்புக்கு முரண் என்று அறிவித்தது. இவ்வழக்கில் அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்தவர்கள் பக்கம் நின்று, தன் சட்டத்தின் ஒரு பகுதி செல்லாது என வாதிட்டது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது; தீர்ப்பு நிலைத்தது.

17 ஆண்டுகளாகத் தாளில் உறங்கிய உறுதிமொழியை எழுப்பியது ஒரு பல் மருத்துவரின் வழக்கு. அதை எல்லா ஊருக்கும் கொண்டுசென்றது வேறொரு பணம். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மைய அரசின் நிதி பெறும் எந்த நிறுவனமும் இனப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அப்பணம் வேண்டுமானால் பாகுபாட்டை நீக்கியதைக் காட்ட வேண்டும். காட்டினார்களா என்று பார்க்க ஆய்வாளர்கள் நேரில் வந்தார்கள். சில மாதங்களில் தென் மாநில மருத்துவமனைகளில் பெரும்பாலானவை கூடங்களைப் பிரித்த சுவர்களை விலக்கின. மோசஸ் கோன் மருத்துவமனையை நடத்தும் நிறுவனம் 2016இல் சிம்கின்ஸின் உடன்வழக்காளிகளில் எஞ்சியிருந்த ஒரு மருத்துவரிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டது.

*

இரண்டாவது உறுதியின் உறக்கம் இன்னும் நீண்டது. 'நியாயமான அளவு' என்றால் எவ்வளவு? ஒரு நோயாளியா, நூறு பேரா? எத்தனை ஆண்டுகளுக்கு? கால் நூற்றாண்டுக் காலம் இதற்கு யாரும் எண்ணில் விடை சொல்லவில்லை. கணக்குக் கேட்கவுமில்லை. பணம் வாங்கிய மருத்துவமனை முன்பணம் கேட்டு ஏழையைத் திருப்பி அனுப்பினால், அந்த ஏழைக்குத் தனக்கொரு உரிமை இருப்பதே தெரியாது.

1970இல் லூசியானாவில் தொடரப்பட்ட வழக்கொன்றில், இந்த உறுதியை நிறைவேற்றக் கோரி ஏழை நோயாளிகளே நீதிமன்றத்துக்கு வரலாம் என்று தீர்ப்பாயிற்று. அதன்பின்தான் அரசு விழித்தது. 1972இல் விதிகள் வந்தன; இலவச மருத்துவக் கடமை 20 ஆண்டுகளுக்கு என வரையறுக்கப்பட்டது. ஆண்டு இயக்கச் செலவில் 3 விழுக்காடு, அல்லது பெற்ற உதவியில் 10 விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அந்த மதிப்புக்கு மருத்துவம் செய்தால் போதும் என்ற அளவுகோல் வந்தது. 1979இல் விதிகள் இறுக்கப்பட்டன. இத்தகைய உதவி கிடைக்கும் என்று சேர்க்கைப் பிரிவிலும் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். நோயாளிகளிடம் எழுத்தாகவும் தெரிவிக்க வேண்டும். 1975க்குப் பின் புதிய பிரிவின் கீழ் பணம் பெற்ற நிலையங்களுக்கு இக்கடமைக்கு முடிவுநாளே இல்லை.

மருத்துவமனைகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1950இல் பணம் வாங்கியபோது யாரும் அளவு சொல்லவில்லை. காலம் கடந்து கணக்கு நீட்டப்பட்டபோது, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த சிறு மருத்துவமனைகளுக்கு அது சுமையாகப் பட்டது. கையில் வாங்கும்போதே அளவோடு எழுதப்பட்டிருந்தால் இந்த மனத்தாங்கல் நேர்ந்திராது. அளவில்லாத நிபந்தனையால் கொடுப்பவர், பெறுபவர், நோயாளி என்ற மூவருக்குமே நன்மையில்லை.

*

சட்டத்தில் எழுதப்படாமலே போன ஒன்று உண்டு: கட்டிய மருத்துவமனையை நடத்துவது யார் பணத்தில்? விளக்கெண்ணெய்க்கு நிவந்தம் வைக்காமல் கோயில் எழுப்புவது போன்ற குறை இது. மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிக்கெய்டும் வந்தபின் சில காலம் அக்குறை மறைந்திருந்தது. 1983இல் மெடிகேர், செலவுக்கேற்பக் கொடுப்பதை விட்டு நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை வைத்தது. நூறு நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனையில் கூடுதலும் குறைவும் ஈடுகட்டிக்கொள்ளும். பத்துப் பேர் வரும் இடத்தில் இரண்டு கடினமான நோயாளிகள் மாதக் கணக்கையே கவிழ்த்துவிடுவார்கள். 1980களின் பிற்பாதியில் நூற்றுக்கணக்கான சிற்றூர் மருத்துவமனைகள் மூடப்பட்டன. இவற்றுள் ஹில்–பர்ட்டன் பணத்தில் எழுந்தவையும் உண்டு.

ஹில்–பர்ட்டன் நிதி நின்ற அதே 1997இல் இதற்கொரு மாற்றும் வந்தது. பிற மருத்துவமனைகளிலிருந்து வெகுதொலைவில் உள்ள சிறு மருத்துவமனைகளுக்கு மெடிகேர் மீண்டும் செலவுக்கேற்பவே கொடுக்கும் என்ற ஏற்பாடு. இன்று 25 படுக்கைகள் வரை கொண்ட 1300க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இதன்கீழ் உள்ளன. கட்டுமானத்துக்கு வேளாண் துறையின் நேரடிக் கடன் உண்டு. 20000 பேருக்கு மிகாத ஊர்களில் இலாப நோக்கற்ற அமைப்புகளும் உள்ளாட்சிகளும் 40 ஆண்டுத் தவணை வரை இதைப் பெறலாம். இவ்வளவு இருந்தும் 2010க்குப் பின் 140க்கும் மேற்பட்ட சிற்றூர் மருத்துவமனைகள் மூடப்பட்டன, அல்லது உள்நோயாளிப் பிரிவை நிறுத்தின.

2023 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் மதேரா சமுதாய மருத்துவமனை மூடப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும், பண்ணைத் தொழிலாளர்கள் நிறைந்த கவுண்டி அது. பெரியவர்களுக்கான பொது மருத்துவமனை வேறு அங்கே இல்லை. அவ்வாண்டு மே மாதம் அம்மாநிலம், நலிவுற்ற இலாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கும் பொது மருத்துவமனைகளுக்கும் வட்டியில்லாக் கடன் தரும் திட்டத்தைச் சட்டமாக்கியது. முதலில் 15 கோடி டாலர். பின்னர் ஏறத்தாழ 30 கோடி. 17 மருத்துவமனைகளுக்குக் கடன் ஒதுக்கப்பட்டது. மதேராவுக்கு 5 கோடியே 70 லட்சம். புதிய நிர்வாகத்தின் கீழ் 2025 மார்ச்சில்தான் அதன் கதவு மீண்டும் திறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அம்மக்கள் அவசரத்துக்கு அடுத்த கவுண்டிக்கு ஓட வேண்டியிருந்தது. 1946இல் சுவர் எழுப்பக் கொடுத்த பணத்தை, 2023இல் சுவருக்குள் விளக்கு எரியக் கொடுக்க வேண்டியதாயிற்று.

2025 ஜூலையில் நிறைவேறிய மைய அரசுச் சட்டமொன்று சிற்றூர் மருத்துவத்துக்கென ஐந்தாண்டுகளுக்கு 5000 கோடி டாலர் ஒதுக்கியுள்ளது. அதே சட்டம் மெடிக்கெய்ட் செலவை அதனினும் பன்மடங்கு குறைக்கிறது. கட்டடத்துக்கும் படுப்பவரின் செலவுக்கும் இடையே 1945இல் விழுந்த பிளவு இன்னும் மூடவில்லை என்றே தோன்றுகிறது.

இந்த வரலாற்றை வாசிக்கும்போது நம்மில் சிலருக்குச் சலிப்பு எழலாம். நல்ல சட்டமும் இப்படித்தானா என்று. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பெயரளவுக்கே என்றாலும் 'அனைவருக்கும்' என்ற சொல் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. கட்ட இயலாதவருக்கும் மருத்துவம் என்ற வரியும் இருந்தது. எழுதப்பட்டிருந்ததால்தான் பின்னால் ஒருவர் வந்து அதைக் காட்டிக் கேட்க முடிந்தது. வாக்குறுதி இல்லாமல் கொடுக்கப்பட்ட பணமாக இருந்திருந்தால், கிரீன்ஸ்பரோவின் பல் மருத்துவரால் எதைச் சுட்டி வழக்குத் தொடுத்திருக்க முடியும்? ஆகவே மலிவுக் கடனைப் பற்றிப் பேசுகையில் வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நிபந்தனை என்ன, அதற்கு அளவு உண்டா, கேட்பதற்கு யாருக்கு உரிமை உண்டு என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

முடிவுநாள் இல்லாத கடமையை ஏற்றுக்கொண்ட நிலையங்கள் சில அந்நாட்டில் இன்றும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் சேர்க்கைப் பிரிவுச் சுவரில் அந்த அறிவிப்பு இன்றும் தொங்க வேண்டும் என்பது விதி.